மூன்றாவது தகடு

பசுவை நான் குறை சொல்ல மாட்டேன். வயிறு உப்பி, இரை எடுக்காமல் நின்ற மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து ஊற்றப் போனவன் நான்தான். மூக்கணாங்கயிற்றை இடது கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குழாயை அதன் கடைவாயில் வைத்தேன். இஞ்சியும் பெருங்காயமும் கலந்த நெடி அதற்குப் பிடிக்கவில்லை. தலையை ஒரு வீசு வீசியது. கொம்பின் தூர் வந்து என் இடது கன்னத்தில் அடித்தது. காதுக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த தென்னை மட்டையை மிதித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். தொழுவத்தில் மட்டை எதுவும் கிடக்கவில்லை.

என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தபோது நான் சாணியில் உட்கார்ந்திருந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணைத்தான் கேட்டாள்.

“கண்ணு தொறக்குதா? இஞ்ச பாருங்க, தொறந்து காட்டுங்க!”

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஏழு வயதில் களத்தில் விளையாடும்போது என் வலது கண்ணில் வைக்கோல் தாள் குத்திவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. ஐம்பது வருஷமாக நான் உலகத்தைப் பார்ப்பது இடது கண் ஒன்றால்தான். பசு அடித்தது அந்தப் பக்கம்.

இமை அதற்குள் வீங்கி மூடிக்கொண்டது. அவள் இரண்டு விரலால் இமையைப் பிரித்தாள். அவளுடைய மூக்குத்தி தெரிந்தது. “தெரியுது” என்றேன். அவள் அப்படியே சாணியில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து ஊர் டாக்டர் ஊசி போட்டு மாத்திரை தந்தார். “நாகர்கோவிலுக்குப் போயி ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருங்க” என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் போகவில்லை. கண் தெரிகிறது, பிறகு என்ன என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பயம். படம் எடுத்தால் அதில் ஏதாவது இருக்கும் என்ற பயம்.

நாங்கள் அய்யா வழிக்காரர்கள். நாங்கள் கும்பிடும் இடமான நிழல் தாங்கலில் தருகிற வெள்ளை நாமமண்ணும் புனித நீரான பதத்தண்ணீரும்தான் எங்கள் வீட்டில் முதல் மருந்து. என் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தாலும், மகனுக்குத் தேள் கொட்டினாலும் முதலில் அதுதான், ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான். மனைவி அந்த மண்ணைக் குழைத்துத் தினமும் இரண்டு நேரம் என் கன்னத்தில் தடவினாள். குளிர்ச்சியாக இருந்தது. ஒரு வாரத்தில் வீக்கம் இறங்கத் தொடங்கியது. பத்தாம் நாள் கண் முழுதாகத் திறந்தது. “வத்திட்டு, அய்யா காத்துட்டாரு” என்று அவள் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னாள். மண்ணையும் நான் குறை சொல்ல மாட்டேன். அது தன்னால் முடிந்ததைச் செய்தது. வீக்கத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியவன் நான்.

சில விஷயங்கள் சரியில்லை என்று எனக்கே தெரியும். மேலுதடும் கன்னமும் மரத்துக் கிடந்தன. சாயா குடித்தால் கடைவாயில் வழிவது தெரியாது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டித் தள்ளினேன். எல்லாம் வீக்கத்தின் மிச்சம் என்று சொல்லிக்கொண்டேன்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் வீடியோவில் கூப்பிட்டான்.

“அப்பா, செல்ல நேரா பிடியுங்க. மொகம் கோணலா தெரியுது.”

“எனக்க கைதான் ஆடுது மக்கா” என்றாள் என் மனைவி. போனைச் சீனிச் சம்படத்தில் சாய்த்து வைத்தாள்.

“இப்பமும் கோணலாத்தாம்மா இருக்கு.”

“ஒனக்க நெட்டு செரியில்ல லே” என்றேன் நான். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது. வாய் அவ்வளவுதான் திறந்தது.

கண்ணாடி பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் கிணற்றடிச் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி தொங்குகிறது, சவரத்துக்கு. அடிபட்ட பிறகு சவரம் செய்யவில்லை. தாடி வளர்ந்தது. தினமும் பார்க்கிற என் மனைவிக்கும் வீக்கம் வற்றுவதாகத்தான் பட்டது. நெற்றியில் நாமம் இட எனக்குக் கண்ணாடி தேவையில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் விரலே போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நிழல் தாங்கலுக்குப் போயிருந்தால் பார்த்திருப்பேன். எங்கள் தாங்கலில் சிலை கிடையாது. பள்ளியறையில் நிற்பது ஒரு பெரிய கண்ணாடி, அதன் முன்னால் விளக்கு. கும்பிடப் போகிறவன் தன் முகத்தைப் பார்த்துத்தான் கும்பிட வேண்டும். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நிற்பது முறை.

அந்தத் தலைப்பாகையில்தான் நான் தவறினேன். முதல் ஞாயிறு கட்டிப் பார்த்தேன். துணி பொட்டில் அழுந்தியதும் கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. அவிழ்த்துவிட்டேன். தலைப்பாகை இல்லாமல் பள்ளியறை முன்னால் நிற்க மனம் வரவில்லை. சிறு வயதிலிருந்து அப்படி நின்றதில்லை. ஆறின பிறகு போகலாம் என்று வீட்டிலிருந்தே கும்பிட்டேன். இரண்டாம் ஞாயிறும் அப்படியே போயிற்று.

மூன்றாம் ஞாயிறு, அடிபட்ட பதினெட்டாம் நாள், துணியை மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனேன். நண்பகல் வழிபாடான உச்சிப்படிப்பு தொடங்கும் நேரம். தாங்கலில் பணிவிடை செய்கிறவர் என் வயதுக்காரர், வாய் சும்மா இருக்காது.

“என்ன ஓய், ரெண்டு ஞாயிறா ஆளக் காணல்ல? மாடு முட்டினா அய்யா கூடயும் பெணக்கமா?”

“தலப்பா கெட்ட முடியல்ல வேய். வேதன.”

“அதுக்கா வராம இருந்தீரு? துணிய மண்டையில சும்ம இட்டுக்கிட்டு வந்திருக்கலாமே. அய்யா என்ன, மொழம் போட்டா பாக்கப் போறாரு?”

நான் சிரித்துக்கொண்டே பள்ளியறை முன்னால் போய் நின்றேன். கையைக் கூப்பிக் கண்ணாடியைப் பார்த்தேன்.

என் இடது கன்னம் அங்கே இல்லை. பாத்திரத்தில் சொட்டை விழுந்தது போல உள்ளே போயிருந்தது. இடது கண் வலது கண்ணைவிட ஒரு நெல்மணி அளவு தாழ்ந்து நின்றது. கண்ணாடிதான் வளைந்துவிட்டதோ என்று நினைத்து ஓர் அடி விலகி நின்று பார்த்தேன். பின்னால் நின்ற பணிவிடைக்காரரின் முகமும் அதில் தெரிந்தது. அவர் முகம் நேராக இருந்தது.

கூப்பிய கையை எடுத்துக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.  அவர் என்னைப் பிடித்து உட்கார வைத்து, வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கேலியெல்லாம் போய்விட்டது.

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவணும் ஓய். கண்ணுக்க பக்கமாக்கும். வெளயாட்டு இல்ல.”

மறுநாள் நாகர்கோவிலில் கண் டாக்டரிடம் போனோம். அவர் கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்கு இப்போது ஒன்றுமில்லை, ஆனால் கண் உட்கார்ந்திருக்கிற குழியின் எலும்பு உடைந்திருக்கிறது என்றார். சீட்டு எழுதி மேல்மாடிக்கு அனுப்பினார். மாடியில் போர்டைப் படித்துவிட்டு என் மனைவி நின்றுவிட்டாள்.

“இது பல்லு டாக்டருல்லா? கண்ணுக்க கீழ ஒடஞ்சதுக்கு பல்லு டாக்டரு என்னத்துக்கு?”

எனக்கும் குழப்பம்தான். பல் பிடுங்குகிற கை என் கண்ணுக்குப் பக்கத்தில் வருவதா என்று நினைத்தேன்.

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர், என் மகன் வயதுதான் இருக்கும். முகத்து எலும்பும் தாடையும் எங்கள் வேலைதான் அப்பா, பல் படித்துவிட்டு அதற்கு மேல் இதைத் தனியாகப் படிப்போம் என்று சிரித்தார். ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கம்ப்யூட்டரில் என் மண்டையோடு சுழன்றது. சதை இல்லாமல் என்னை நானே பார்த்தது அன்றுதான். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் தன் கன்னத்தையே தொட்டுக் காட்டினார்.

“கன்னத்து எலும்பு ஒரு ஸ்டூலு மாதிரி அப்பா. நாலு எடத்துல ஊன்றி நிக்கும். புருவத்துக்க ஓரத்துல ஒண்ணு, கண்ணுக்க கீழ் வரம்புல ஒண்ணு, மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேல ஒண்ணு, காதுப் பக்கம் ஒண்ணு. உங்களுக்கு நாலும் விட்டுட்டு. எலும்பு உள்ள போயி, கீழ்த் தாடைய ஆட விடாம இடிக்குது. அதாக்கும் வாய் தொறக்காதது.”

“தடவிச் செரியாக்க முடியாதா மோளே?” என்று மனைவி கேட்டாள்.

“அடிபட்ட ஒடனே வந்திருந்தா, பொட்டுல முடிக்குள்ள சின்னதா கீறி, கம்பி விட்டு ஒரு தூக்கு தூக்கினா சிலருக்கு டக்குனு போயி நின்னுக்கிடும். தகடே வேண்டாம். இப்பம் பதினெட்டு நாளு கழிஞ்சாச்சு. கோணலா ஒட்டத் தொடங்கிட்டு. அத எளக்கி, தூக்கி, தகடு வச்சு திருகாணி போட்டு நிறுத்தணும்.”

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தகட்டை எடுத்துக் காட்டினார். டைட்டானியம் என்று பெயர். பூ வேலைப்பாடு போல நாலைந்து ஓட்டைகள். என் மனைவியின் கம்மலில் இருக்கும் திருகாணியைவிடச் சின்னத் திருகாணி. இதுவா என் கண்ணைத் தாங்கப் போகிறது என்று நினைத்தேன்.

“எத்தன தகடு வைப்பிய?”

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். வாய்க்குள்ளே உதட்டைத் தூக்கி, வெளியே தெரியாமல் கீறி ஒன்று வைப்பார்கள். புருவ ஓரத்தில் ஒன்று. இரண்டு இடத்தில் எலும்பு அசையாமல் நின்றால் அதோடு நிறுத்திவிடலாம். நிற்காவிட்டால் மூன்றாவது. அது கண்ணின் கீழ் வரம்பில், இமைக்கு அடியில் கீறி வைப்பது.

“உங்களுக்கு அந்த ஒரு கண்ணுதான் கண்ணுன்னு கண் டாக்டரு எழுதியிருக்காரு. அதனால கண்ணுக்கிட்ட எவ்வளவு கொறவா போறமோ அவ்வளவு நல்லது. ரெண்டுல நிறுத்தப் பாப்பேன். ஆனா இப்பமே வாக்குத் தர மாட்டேன். தொறந்து பாத்தாத்தான் தெரியும்.”

அதற்குப் பிறகு கையெழுத்துத் தாளை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். மரப்பு முழுதும் போகாமல் இருக்கலாம். இமையில் தழும்பு வரலாம். மிக மிக அரிதாக, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வை போகலாம். அந்த இடத்துக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆயிரத்தில் ஒன்றோ பத்தாயிரத்தில் ஒன்றோ, எனக்கு இருப்பதே ஒன்றுதானே.

மனைவி எழுந்துவிட்டாள். “வேண்டாம் டாக்டரே. இப்பம் கண்ணு தெரியுதுல்லா? மொகம் எப்பிடி இருந்தா என்ன? நான்தானே பாக்கப் போறேன்.”

டாக்டர் அவளைத் திட்டவில்லை. “மொகத்துக்காகச் சொல்லல்ல அம்மா. வாய் இதுக்கு மேலயும் இறுகிப் போகும். கண்ணும் கொஞ்சங்கொஞ்சமா இன்னும் தாழலாம். யோசியுங்க. ஆனா இந்த வாரம் தாண்டக் கூடாது. வியாழக்கிழமை காலையில எனக்கு எடமிருக்கு.”

வீட்டுக்குப் பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, இடது பக்கத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள், யாரும் இடித்துவிடாமல். எனக்கு வயல் தெரிந்தது, மலை தெரிந்தது, கொக்கு தெரிந்தது. ஒவ்வொன்றையும் எண்ணுவது போலப் பார்த்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கார்த்திகையில் எங்கள் தாங்கலில் அய்யா வழியின் புனித நூலைப் பதினேழு நாள் வாசிக்கும் திருஏடு வாசிப்பு நடக்கும்போது மூன்று நாள் வாசிக்கும் முறை எனக்கு உண்டு. அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்தது. வேறு பெருமை எதுவும் இந்தப் பிறவியில் எனக்குக் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவி, நாமம் இட்டு, ஏட்டின் அச்சுப் புத்தகத்தைத் திறந்து வைத்து வாசித்துப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. வாயில்தான் வரவில்லை. பல்லுக்கு நடுவில் துணி வைத்தவன் பேசுவது போல வார்த்தைகள் நசுங்கின. எச்சில் கடைவாயில் ஒழுகி, அது தெரியாமல், தாளில் விழுந்தது.

மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அருகே வந்து, முந்தானையால் முதலில் தாளைத் துடைத்தாள், பிறகு என் வாயைத் துடைத்தாள்.

“செரி. வியாழக்கிழம போவோம்.”

“கண்ணு போச்சுன்னா?”

“நான் வாசிச்சுத் தாறேன், நீங்க சொல்லுங்க. கண்ணு போனா அப்பிடிச் செய்யலாம். வாய் போனா நான் என்ன செய்ய முடியும்?”

அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதை நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் ஒரு நர்ஸ் வந்து நெற்றியைப் பார்த்தாள். “அப்பா, இதத் தொடைக்கணும். முகத்துல மருந்து தேய்க்கணுமே.” நாமம் இல்லாமல் நான் வெளியே இறங்கியதே இல்லை. ஈரப் பஞ்சால் அவள் துடைத்தபோது உடுதுணியை உருவியது போல இருந்தது. என் மனைவி கையை நீட்டி அந்தப் பஞ்சைக் கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை. பிறகு என் தலையில் பச்சைத் துணித் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டாள். தலைப்பாகை போல இருக்கிறது என்று நினைத்தேன். அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

உள்ளே குளிர். தலைக்கு மேல் வட்ட விளக்கு. டாக்டரின் கண்கள் மட்டும் முகமூடிக்கு மேலே தெரிந்தன. “ரெண்டு போதும்னு வேண்டிக்கிடுங்க அப்பா” என்றார். அய்யா, இரண்டில் நிறுத்தும் என்று வேண்டினேன். விளக்கின் பல்புகளை இடது கண்ணால் எண்ணினேன். ஐந்து வரைக்கும் நினைவிருக்கிறது.

விழித்தபோது இருட்டு.

முழு இருட்டுக்கூட அல்ல. வலது பக்கம் வழக்கமான நிழல் இருந்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. அங்கே ஒரு பக்கமே இல்லாதது போல. வாய்க்குள் தையல், நாக்கு கட்டையாகக் கிடந்தது. கையைத் தூக்கினேன், யாரோ பிடித்து இறக்கினார்கள்.

“முகத்தத் தொடக் கூடாது அப்பா. எல்லாம் கழிஞ்சாச்சு. மணி மூணாகப் போகுது. நான் இமையத் தூக்கப் போறேன், எத்தன வெரலுன்னு சொல்லணும்.”

காலையில் நாமம் துடைத்த நர்ஸின் குரல். வீங்கிய இமையை அவள் விரல் பிரிப்பது தெரிந்தது. இருட்டு வெள்ளையாயிற்று. வெறும் வெள்ளை. மோர் ஊற்றின பாத்திரத்துக்குள் முகத்தை வைத்தது போல.

“எத்தன வெரலு?”

என்னால் சொல்ல முடியவில்லை.

“அப்பா, கேக்குதா? எத்தன வெரலு?”

“தெரியல்ல” என்றேன். குரலே வரவில்லை. திரும்ப, “தெரியல்ல மக்கா” என்றேன். அறைக்குள் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. அது என் மனைவி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததுதான் என்னை உலுக்கியது. ஐம்பது வருஷத்துக்கு முன் களத்தில் வைக்கோல் தாள் குத்தியபோது என் அம்மாவும் இப்படித்தான் சத்தமில்லாமல் நின்றாள்.

நர்ஸ் பதறவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது அவள் காலடி வேகமாகப் போவதுதான் கேட்டது. அவள் திரும்பி வருவதற்குள் நான் எத்தனை கணக்குப் போட்டேன். தொழுவத்துக்கு எத்தனை அடி, கிணற்றுக்கு எத்தனை அடி. மகன் வந்தால் குரலை வைத்துத்தான் அறிய வேண்டும். ஏடு மூடிக் கிடக்கும். அய்யாவின் கண்ணாடி முன்னால் போய் நின்று எதைப் பார்த்துக் கும்பிடுவேன் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அழுதால் கண்ணுக்கு ஏதாவது ஆகும் என்று பயந்து அடக்கினேன்.

இரண்டு பேர் காலடி வந்தது. டாக்டர். குளிர்ந்த உப்புத்தண்ணீர் கண்ணில் வழிந்தது. பஞ்சால் ஒற்றினார்கள். மறுபடியும் வழிந்தது.

“ஆபரேசன் நேரத்துல கண்ணு உலராம இருக்க களிம்பு நெறச்சு வச்சிருந்தோம் அப்பா. அது மறைக்குது. பயப்படாதீங்க, பைய பாருங்க. வெளிச்சம் தெரியுதா?”

வெள்ளை கொஞ்சம் மஞ்சளாயிற்று. மஞ்சளுக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது. அது நெடுக்காயிற்று. ஒன்று இரண்டாகப் பிரிந்தது.

“ரெண்டு” என்றேன்.

“இது?”

“நாலு.”

“இது?”

அதற்கு விரல் தேவைப்படவில்லை. டாக்டரின் தோளுக்குப் பின்னால், கலங்கலாக, ஒரு புள்ளி மின்னியது. என் மனைவியின் மூக்குத்தி. அவளுக்கு அதைக் காட்டக் கையை நீட்டினேன். அவள் அதற்குள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஆனால் பயம் அதோடு விட்டுவிடவில்லை. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவதென்றால் முதல் நாளில்தான் கட்டும், வலி கூடினாலோ மங்கினாலோ உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அரை மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து இமையைப் பிரித்து விரல் காட்டினாள். அவள் போனதும் மனைவி காட்டினாள். “இது எத்தன?” “மூணு.” “இது?” “ஒண்ணு. ஏட்டி, கொஞ்சம் சும்ம இரியேன்.” “சும்ம இருக்க முடியல்ல. சொல்லுங்க, இது?” கடைசியில் அவளுக்குக் கை ஓய்ந்து, என் கட்டிலில் தலை வைத்தாள். அதற்குப் பிறகு நானே என் விரலை எண்ணிக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்தபோதுதான் அதைக் கேட்டேன். “ரெண்டா மூணா?”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “மூணு அப்பா. வாயிலயும் புருவத்துலயும் வச்சுப் பாத்தேன். எலும்பு ரொம்ப ஒட்டியிருந்ததால எளக்கி எடுத்ததுல வரம்பு பொடிஞ்சு போச்சு. ரெண்டுல நிக்கல்ல, கீழ இறங்கிட்டே இருந்தது. அதனால கண்ணுக்க கீழயும் போக வேண்டியதாச்சு. இப்பம் அசையாது.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. முதல் ஞாயிற்றுக்கிழமை துணியை மண்டையில் சும்மா இட்டுக்கொண்டு போய் நின்றிருந்தால் கண்ணாடி என்ன காட்டியிருக்கும்? வீக்கத்தைத்தான் காட்டியிருக்கும், சரி. இரண்டாம் ஞாயிறு காட்டியிருக்கும். மூன்றாவது தகடு பசு வைத்தது அல்ல, டாக்டர் வைத்ததும் அல்ல. அந்த ஒரு வாரத்தில் நான் வைத்தது. முறை தவறக் கூடாது என்று நினைத்து, முறை எதற்காக இருக்கிறதோ அதைத் தவறவிட்டேன். பணிவிடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் கேலி செய்யாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றரை மாதம் இடது பக்கம் சரிந்து படுக்கக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, கடித்துத் தின்னக் கூடாது, தலைப்பாகை கட்டவே கூடாது, மாட்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. கடைசி இரண்டையும் டாக்டர் தாளில் தனியாக எழுதித் தந்தார். பால் கறப்பது மனைவியின் வேலையாயிற்று. நான் தொழுவத்து வாசலில் நின்று பார்ப்பேன். பசு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாலே என் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். “பாவம், அது ஈய விரட்டுது” என்பாள் அவள். நான் இரண்டு அடி பின்னால் போய்விடுவேன்.

இந்தத் தகடுகளை எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். தொந்தரவு இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும் என்றார் டாக்டர். எங்களில் எரிப்பது கிடையாது. ஒருநாள் திரும்ப எழுவோம் என்ற நம்பிக்கையில், வடக்கு நோக்கி இருத்தி மண்ணில் அடக்கம் செய்வார்கள். எல்லாம் மண்ணாகிப் போன பிறகும் அந்த மூன்று துண்டும் உள்ளே கிடக்கும் என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். “நாளைக்கு எழும்பும்போ வேணுமே, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கார்த்திகையில் ஏடு வாசிப்பு வந்தது. வாய் மூன்று விரல் திறந்தது. மேலுதட்டில் மரப்பு இன்னும் கொஞ்சம் உண்டு. கண்ணுக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு. என் முறை நாளில் குளித்து, நாமம் இட்டு, துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு பள்ளியறை முன்னால் நின்றேன். கன்னம் இருந்தது. பழைய கன்னம் இல்லை, கொஞ்சம் தட்டை. இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றன. கையைக் கூப்பினேன். பிறகு என்னை அறியாமல் வலது கை மேலே போய் வலது கண்ணைப் பொத்தியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இது என் பழக்கமாகிவிட்டது. காலையில் விழித்ததும் வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் எதையாவது பார்ப்பேன். காலண்டரை, கூரைப் பல்லியை. தெரிந்தால்தான் எழுந்திருப்பேன். அன்றைக்கு அந்தக் கண்ணாடியிலும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது.

பெண்கள் பக்கத்திலிருந்து, வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் மெதுவாகக் கேட்டாள். “அண்ணே, வலது கண்ணப் பொத்திக்கிட்டுக் கும்பிடுதியளே, அது அய்யாவுக்கு நேந்துகிட்ட நேர்ச்சயா?”

“நேர்ச்சையெல்லாம் இல்ல மக்கா. பயம்.”

அவள் விளங்காமல் பார்த்தாள். பணிவிடைக்காரர் சங்கை எடுத்தார். நான் போய் ஏட்டின் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தைத் திறப்பதற்கு முன் நிமிர்ந்து பார்த்தபோது, கூட்டத்துக்கு நடுவில் என் மனைவி முந்தானை ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் விரலை உயர்த்தி வைத்திருந்தாள். என் மடியில் கிடந்த கையில் மூன்று விரலை நீட்டிக் காட்டினேன். அவள் தலையசைத்தாள். வாசிக்கத் தொடங்கினேன்.